சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே

சென்னை விமான நிலையத்துக்கும் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா நிலையத்துக்கும் இடையே ஆகாய மார்க்கமாகத் தூரம் ஏறக்குறைய 645 கிலோமீட்டர். ஜெட் விமானம் இதைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆயினும், இவ்விரு நகரங்களுக்கிடையே மக்கள் போய்வந்த சரித்திரத்தை நோக்குவோமானால், பிரயாண காலத்தை நிர்ணயிப்பது யந்திரத்தின் வேகம் மாத்திரமன்று என்பது தெளிவாகும்.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறியவர், மறுநாள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் ரயிலில் ஏறி, அதற்கும் அடுத்த நாள் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தை அடைவார். அதே மார்க்கத்தில் சென்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளியோ, மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனைக்கும் அம்மை குத்திக்கொள்வதற்குமாகச் சில நாட்கள் தங்கிய பிறகே கப்பலைக் காண முடிந்தது. தண்டவாளமும் கடலும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தும், காலம் மட்டும் அந்தஸ்துக்குத் தக்கபடி வேறுபட்டது.

1935 நவம்பர் 27-ந் தேதி, சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரான டிண்டேல் பிஸ்கோ, ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தில் இறக்கினார். அந்த நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம் அதுவே. 1938-ல் டாட்டா கம்பெனியின் தபால் விமானங்கள் அங்கே வரத் தொடங்கின. பின்னர் 1947 டிசம்பர் 10-ந் தேதி, இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன், ஏர் சிலோன் விமானக் கம்பெனியின் ‘சீதாதேவி’ என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, சென்னை வந்து சேர்ந்தது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக அமைக்கப்பட்ட பலாலித் தளம், இவ்விதம் யாழ்ப்பாணத்து மக்களின் வாயிற்படியாயிற்று.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, போட் மெயிலின் கடல்வழியைத் துண்டித்தது. அதன் பின் மூண்ட உள்நாட்டுப் போரோ பலாலியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஆகாய வழியையும் பல்லாண்டு காலம் அடைத்துவிட்டது. பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீட்டர்தான். கொழும்பிலிருந்து சென்னைக்கு இழுக்கும் நேர்கோடும் ஏறக்குறைய பலாலியின் மேலாகவே செல்கிறது. ஆகவே, வடக்கே சென்னைக்குப் போகவேண்டிய யாழ்ப்பாணத்தார், முதலில் தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் சாலையில் சென்று, கொழும்பில் விமானம் ஏறி, தம் ஊர் இருக்கும் திசையிலேயே திரும்பிப் பறக்க நேர்ந்தது. யந்திரங்கள் அதிவேகமடைந்த காலத்திலேதான் அவர்களுடைய பிரயாணம் இவ்வாறு நீண்டது.

2019-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொள்ளை நோயினால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. இந்தச் சிறிய மார்க்கத்தை லாப நஷ்டக் கணக்கினால் மாத்திரம் எடைபோடுவது தகாது. இரு கரைகளிலும் உறவு பூண்டு வாழும் மக்கள் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் உரிய நாளில் வந்து சேரும்படி வழியைத் திறந்து வைத்திருப்பது, இரண்டு அரசாங்கங்களுக்கும் உரிய கடமையாகும்.