மர முளையும் மண் உருளையும்

கண்டிக்குத் தென்மேற்கே, உடுநுவரையில் இருக்கிறது எம்பெக்க தேவாலயம். அதன் மேள மண்டபத்துக்குள் நுழைபவர்கள் தூண்களில் செதுக்கிய அன்னத்தையும் மல்லரையும் பார்த்தபடி நடப்பது வழக்கம். கட்டடம் படிக்கிற பிள்ளை கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் விசிறிபோல் வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் கோத்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு பெரிய மர முளை. சிங்களத்தில் அதை ‘மடொல் குருபாவ’ என்பார்கள். எந்தக் கைமரம் எவ்வளவு பாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று மனதுக்குள் தெளிவாகக் கண்ட ஒருவரால்தான் அந்த முளையைச் செதுக்கியிருக்க முடியும்.

பக்கத்திலேயே கடலாதெனிய, லங்காதிலக என்று இரண்டு விகாரைகள். இரண்டும் 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியக் கற்கோயிலைக் கட்டியவர் கணேசுவராசாரி என்று கல்வெட்டே சொல்கிறது. லங்காதிலகவைக் கட்டியவர் ஸ்தபதி ராயர். அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியச் சிற்பக் கைகள் பௌத்த விகாரைகளை எழுப்பிய இந்தப் பகுதி, கண்டி வட்டாரக் கட்டடக் கல்வியின் வரலாற்றைத் தொடங்கப் பொருத்தமான இடம்.

அந்தக் காலத்தில் தொழில் குடும்பத்துக்குள் ஓடியது. மகன் தகப்பனுக்கு உளி எடுத்துக் கொடுத்தான். பிறகு தானே உளி பிடித்தான். தலைமைக் கலைஞருக்கு மூலாசாரி என்று பட்டம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்காகத் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும், 1812இல் முடிந்த கண்டி வாவியையும் அமைத்தவர் தேவேந்திர மூலாசாரி. மூன்றே ஆண்டில், 1815இல், இராச்சியம் பிரித்தானியரிடம் போனது.

புதிய ஆட்சிக்கு முதலில் தேவைப்பட்டது வீதி. கொழும்பு-கண்டி வீதியை வெட்டிய கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் கோபுரம் நிற்கிறது. 1833இல் பேராதனையில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒரே வளைவில் பாலம் கட்டினார்கள். நீளம் 205 அடி. ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. 1905இல் அது கழற்றப்பட்டது. அந்தப் பாலம் இன்று இல்லாதது பெரிய இழப்பு.

பொறியியலைப் பாடமாகக் கற்பிக்கும் வேலை கொழும்பில்தான் ஆரம்பித்தது. 1893இல் மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பிலேயே பிறந்தது. இதற்கிடையில் பேராதனையில் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கனவு கண்ட வளாகம் எழுந்துகொண்டிருந்தது. அதன் கட்டடக் கலைஞர் ஷேர்லி த அல்விஸ் பழைய சிங்களக் கட்டடங்களின் தூண்களையும் சந்திரவட்டக் கற்களையும் விரிவுரை மண்டபங்களுக்குக் கொண்டுவந்தார். 1954இல் முறைப்படி திறப்பு நடந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1960களின் நடுவில் பொறியியல் பீடம் பேராதனைக்கு வந்தது. மகாவலியில் கலைப்பீடம் இருக்கும் கரைக்கு எதிர்க்கரையில் அதற்கு இடம் அமைந்தது. அதைக் கட்டி வளர்த்தவர் பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழில் படித்து வந்த யாழ்ப்பாண, மட்டக்களப்பு, மலையகப் பிள்ளைகளுக்கு இங்கே குடிசார் பொறியியல் ஆங்கிலத்தில். முதல் மாதங்களின் தவிப்பு எழுதித் தீராது.

அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெயர் நின்றது: அழகையா துரைராஜா. 1934இல் வடமராட்சியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லி கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் மண்ணியக்கவியல் ஆராய்ந்தார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் இருவருடன் அவர் எழுதிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரை, ‘காம் களிமண்’ என்று உலகம் படிக்கும் கோட்பாட்டுக்கு வழிவிட்டது. அந்தப் பெயர் கேம்பிரிட்ஜின் காம் ஆற்றிலிருந்து வந்தது. பேராதனையில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். 1988இலிருந்து 1994 வரை, போரின் நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். இவரைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் பேச வேண்டும்.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. தளத்தில் பயிற்சி பெற்று, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் நேர்முகத்தைத் தாண்டினால்தான் பட்டயப் பொறியியலாளர். 1970, 80களில் வெளியேறிய பலருக்கு மகாவலித் திட்டமே அந்தத் தளம். 1976இல் பொல்கொல்லை அணை. 1985இல் 122 மீற்றர் உயர விக்டோரியா. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது.

கண்டி மலைகளில் மழை இறங்கினால் மண்ணும் இறங்கும். சரிவில் அத்திவாரம் போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையின் பின்னால் இருக்கும் அறிவை மாணவர் ஆய்வுகூடத்தில்தான் முதலில் தொடுகிறார். 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள மண் உருளை ஒன்றுக்கு மெல்லிய றப்பர் உறை போட்டு, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெதுவாக அழுத்துகிறார்கள். முதலில் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு உருளையின் நடு கொஞ்சம் பருக்கிறது. சிலவேளை சாய்வாக ஒரு கோடு விழுந்து, மேற்பாதி கீழ்ப்பாதிமேல் வழுக்குகிறது. மாணவர் குனிந்து, அந்தக் கோட்டின் கோணத்தைக் குறித்துக்கொள்கிறார்.