சலவை நுரையில் பிறந்த நத்தைக்கொல்லி

1896இல் இத்தாலியப் படையைத் தோற்கடித்த போரால் வரலாற்றில் இடம்பிடித்த ஊர், வடக்கு எத்தியோப்பியாவின் அட்வா. 1964இல் அங்கே ஓடும் சிற்றாற்றின் கரையில் எத்தியோப்பிய ஆய்வாளர் அக்லிலு லெம்மா நத்தை சேகரித்துக்கொண்டிருந்தார். ஒட்டுண்ணி நோய்களைப் பற்றி அமெரிக்காவில் படித்துவிட்டு நாடு திரும்பியிருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவர் நத்தையைத் தேடியது பில்ஹார்சியா நோய்க்காக. அங்கே அந்நோயைத் தரும் புழு, மனிதக் குடலைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்களில் குடியிருந்து முட்டையிடுகிறது. முட்டை மலத்தோடு ஆற்றுக்குப் போய்ப் பொரிகிறது. அதிலிருந்து வரும் இளம்புழுவால் நேரடியாக மனிதனைத் தொற்ற முடியாது. முதலில் ஒரு நன்னீர் நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருக வேண்டும். பிறகுதான் மறுபடி தண்ணீருக்கு வந்து, ஆற்றில் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் போகும். வயிற்றுவலி வரும், மலத்தில் இரத்தம் போகும், ஆண்டுக்கணக்கில் விட்டால் ஈரல் கெட்டுப்போகும். துணி துவைக்கவும் குளிக்கவும் விளையாடவும் ஆற்றை விட்டால் வேறு வழியில்லாத மக்களின் நோய் இது. நத்தையை ஒழித்தால் நோய் பரவும் வழி அடைபட்டுவிடும்.

அந்த ஆற்றில் ஓரிடத்தில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். துறைக்கு மேலே நத்தைகள் உயிரோடு இருந்தன. கீழே, துவைத்த தண்ணீர் போகிற பக்கம், செத்து மிதந்தன. அவர்கள் போட்டது எண்டோட் காய்ப்பொடி. நம் பூந்திக்கொட்டையைப் போல நுரைக்கும் காய் அது. எத்தியோப்பியர்கள் தங்கள் வெள்ளை ஷம்மா மேலாடையைத் தலைமுறை தலைமுறையாக வெளுத்தது அதில்தான். துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அந்த நுரைநீரில் கொஞ்சம் தன் நத்தைப் பாத்திரத்தில் ஊற்றச் சொன்னார் லெம்மா. சற்று நேரத்தில் நத்தைகள் சுருங்கின, இரத்தம் கசிந்து செத்தன.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே நடந்த இந்த முதல் சோதனையில் அந்தப் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். செய்முறையே அங்கே துவைத்த பெண்களுடையதுதான். நத்தையைக் கொல்வது காயிலுள்ள சபோனின். முழுக்காயில் அதன் பெரும்பகுதி வீரியமற்ற வடிவத்தில் கிடக்கும். இடித்துத் தண்ணீரில் கரைத்தால்தான் காயிலேயே உள்ள நொதி அதை வீரியமுள்ளதாக மாற்றும். நொதி என்ற ஒன்று தெரியாமலே, இடித்துக் கரைக்கும் வழக்கத்தை அந்தப் பெண்கள் கைக்குக் கை கொடுத்து வந்திருக்கிறார்கள்.

லெம்மா அடிஸ் அபாபாவில் நோயியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். எண்டோட் வகைகளை ஒப்பிட்டு வீரியம் மிகுந்த செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் சக ஆய்வாளர் லெகெஸ்ஸே வோல்டே யோஹானஸ் முன்னின்றார். 1969 முதல் ஐந்தாண்டுகள் அட்வாவின் நீரோடைகளில் காய்ப்பொடியைக் கரைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நோய்த்தொற்று 50 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வெளிநாட்டு நிபுணர்கள் எண்டோட்டை ஏற்கத் தயங்கினார்கள். மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் தீங்கில்லை என்று சர்வதேசத் தரத்தில் நிரூபிக்கச் சொன்னார்கள். கேட்டது நியாயம்தான், எண்டோட் மீனையும் கொல்லும். ஆனால் அந்தச் சோதனைகளுக்கான செலவை ஓர் ஏழை நாட்டின் ஆய்வகத்தால் தாங்க முடியவில்லை. செலவு செய்யக்கூடிய நிறுவனங்களுக்கோ, யார் வேண்டுமானாலும் வேலியோரம் வளர்த்துக்கொள்ளும் செடியில் லாபமில்லை. இப்படியே ஆண்டுகள் ஓடின. 1989இல் லெம்மாவுக்கும் லெகெஸ்ஸேவுக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 1997இல் லெம்மா காலமானார்.

இதற்கிடையில் பிராசிகுவான்டெல் மாத்திரை வந்துவிட்டது. உடலில் உள்ள புழுவை அது கொல்கிறது. ஆனால் மாத்திரை தின்ற குழந்தை மறுநாளே அதே ஆற்றில் இறங்கினால் மறுபடி தொற்றிக்கொள்ளும். அதனால் நத்தையையும் ஒழிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு அது பரிந்துரைப்பது நிக்லோசமைடு என்ற செயற்கை இரசாயனத்தை.