வெள்ளிப் படிக்கம் போன வழி

பாட்டி வீட்டுத் திண்ணையில் பித்தளைப் படிக்கம் ஒன்று இருந்தது. வாய் அகன்று, கழுத்து சிறுத்து, வயிறு பருத்திருக்கும். விளிம்பில் ஏறிய வெற்றிலைக் கறை எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. பாட்டி போன பிறகு பாத்திரங்களைப் பங்கு பிரித்தபோது குத்துவிளக்கும் அண்டாவும் ஆளுக்கொரு பக்கம் போயின. படிக்கத்தை யாரும் கேட்கவில்லை. அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அதனாலோ என்னவோ, சல்மான் ருஷ்டியின் ‘நள்ளிரவின் குழந்தைகள்’ நாவலைப் படிக்கும்போதெல்லாம் என் கண் மனிதர்களை விட்டுவிட்டு ஒரு படிக்கத்தின் பின்னாலேயே போகிறது.

அது வெள்ளிப் படிக்கம். லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் பதித்தது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெட்டியெடுக்கும் கல் அது. கதையில் படிக்கம் முதலில் இருப்பது ஒரு ராணியிடம். கூச் நஹீன் ராணி என்று பெயர். இந்தியில் ‘குச் நஹீன்’ என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நாட்டின் ராணி. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் வரைபடத்திலிருந்து மறையவிருந்த காலம் என்பதால் அந்தப் பெயரில் விளையாட்டைவிட வலிதான் எனக்குக் கேட்கிறது.

1942இல், ஆக்ரா நகரில், வெற்றிலைபாக்குக் கடை வாசலில் இன்னொரு படிக்கமும் இருக்கிறது. கிழவர்கள் அதைத் தெருவில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, யார் குறி தவறாமல் துப்புவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். பொடியன்கள் நடுவில் ஓடி எச்சிலுக்குத் தப்புகிறார்கள். ஒரு நாள் வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் கார் அந்தப் படிக்கத்தைத் தட்டிவிட்டுப் போகிறது. கொட்டிய சிவப்புச் சாறு புழுதியில் கை வடிவில் உறைந்து, போகிற காரைச் சுட்டிக்காட்டுகிறது. சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி இவ்வளவு கீழிறங்கி, இவ்வளவு கூர்மையாக எழுதிய இன்னொரு காட்சியை நான் படித்ததில்லை.

நம்மிடம் எச்சில் என்றால் விலக்கு. அடுத்தவர் வாய் வைத்த தம்ளரைத் தொடமாட்டோம், அண்ணாந்து குடிப்போம். அம்மா கடித்துக் கொடுத்த கடலை மிட்டாய்க்கு மட்டும் எச்சில் கிடையாது. யாருடைய எச்சில் நமக்கு எச்சிலாகத் தெரியவில்லையோ அவர்கள்தான் நம் மனிதர்கள். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல ருஷ்டி வாளையோ நகையையோ எடுக்காமல் படிக்கத்தை எடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொலையாளிகளுக்குத் தப்பி ஓடிவரும் நாதிர் கானை டாக்டர் ஆதம் அஜீஸின் குடும்பம் வீட்டு நிலவறையில் ஒளித்துவைக்கிறது. மகள் மும்தாஜ் அவனை ரகசியமாக மணக்கிறாள். ராணி தரும் கல்யாணப் பரிசுதான் அந்த வெள்ளிப் படிக்கம். நிலவறை இருட்டில் புருஷனும் பெண்டாட்டியும் குறி பார்த்துத் துப்பி விளையாடுகிறார்கள். 1945இல் நாதிர் ஓடிப்போகிறான். மும்தாஜ் அஹ்மத் சினாயை மணந்து, ஆமினா என்று பேர் மாறி, டெல்லிக்குப் போகிறாள். பேரை விட்டுவிட்டுப் போனவள் படிக்கத்தை விடவில்லை. அது தகரப் பெட்டிக்குள் அவளோடு போகிறது.

அங்கிருந்து பம்பாய். வில்லியம் மெத்வோல்ட் என்ற ஆங்கிலேயர் தன் 4 பங்களாக்களை விற்கிறார். ஐரோப்பிய அரண்மனைப் பேர்கள் வைத்த பங்களாக்கள். வீட்டோடு சாமான்களையும் வாங்க வேண்டும், 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவு வரை எதையும் மாற்றக் கூடாது என்பது அவர் போடும் நிபந்தனை. அடுத்தவன் சுவரில் மாட்டிய படங்களுக்குக் கீழே, அடுத்தவன் வளர்த்த கிளிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு அடுத்தவன் குடித்த மதுவைக் குடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் நம்மவர்கள். பேச்சுத் தொனிகூட மாறிவிடுகிறது. சுதந்திரம் வருவதற்கு முன்பே வேறொருவருடைய வீடு அவர்களுக்குள் குடியேறிவிட்டது. அந்த வீட்டில் ஆமினா தன்னோடு கொண்டுவந்த பழைய வாழ்க்கை பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ருஷ்டி 1947 ஜூனில் பம்பாயில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனார். பெற்றோரும் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். பல ஆண்டு கழித்துப் பம்பாய்க்கு வந்தவர், ஏதோ உந்துதலில் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டியிருக்கிறார். அப்பாவின் பேர், பழைய விலாசம், பழைய எண் எல்லாம் அப்படியே இருந்தன. எல்லை தாண்டியதெல்லாம் நடக்கவே இல்லை என்பதுபோல. லண்டனில் அவர் அறைச் சுவரில் அந்த வீட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. நேரில் பார்த்தபோது வீடு வண்ணத்தில் நின்றது. இதை அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிப் பிழைத்துக்கொண்டே எழுதிய நாவல் 1981இல் வந்து புக்கர் பரிசு வாங்கியது.

நாவலில் சினாய் குடும்பமும் கராச்சிக்குப் போகிறது. படிக்கமும் போகிறது. 1965 செப்டம்பர் போரில் குண்டு விழுந்து வீடு சிதறும்போது, பெட்டியிலிருந்து தெறித்த படிக்கம் நிலா வெளிச்சம்போல் மின்னிச் சுழன்று, தெருவில் நின்ற மகன் சலீமின் தலையில் விழுகிறது. அம்மா, அப்பா, ஊர், சொந்தப் பேர் எல்லாம் அந்த ஒரு அடியில் மறந்துபோகின்றன. சலீம் 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவில் பிறந்தவன். ஆனால் ஆமினா பெற்ற பிள்ளை அல்ல. பிரசவ ஆஸ்பத்திரியில் மேரி பெரைரா என்ற நர்ஸ் குழந்தைகளை மாற்றிவைத்துவிட்டாள். அந்த வீட்டின் ரத்தம் அவனிடம் ஒரு சொட்டும் இல்லை. இப்போது நினைவும் போய்விட்டது. மிஞ்சியது ஆமினாவின் படிக்கம் ஒன்றுதான். ஏன் என்று தெரியாமலேயே அதைக் கட்டிக்கொள்கிறான். பாகிஸ்தான் ராணுவத்தில் மோப்பம் பிடிக்கும் ஆளாக இருக்கும்போதும் மரத்தடியில் படிக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். வாரிசு என்ற சொல்லுக்கு ரத்தத்தைத் தவிர வேறு பொருள் உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கங்களைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

1971இல் அவனை டாக்காவுக்கு அனுப்புகிறார்கள். படுகொலைகளைப் பார்த்துச் சுந்தரவனக் காட்டுக்குள் ஓடுகிறான். பாம்பு கடித்து நினைவுகள் திரும்புகின்றன; பேர் மட்டும் வரவில்லை. டிசம்பரில் இந்திய ராணுவத்தோடு டாக்கா வந்த சூனியக்காரி பார்வதி அவனைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பாஸ்போர்ட் கிடையாது. தன் பிரம்புக் கூடைக்குள் அவனை மாயமாக மறைத்து இந்தியாவுக்குக் கொண்டுவருகிறாள். கூடைக்குள் அவனுக்கு உடம்பே இல்லை. இந்த உலகத்தோடு அவனை முடிந்துவைத்திருப்பது கையில் பிடித்த படிக்கம்தான். எல்லையில் எந்தக் காவலனும் பார்க்காத அகதி, அவனோடு எந்தச் சுங்கமும் கட்டாத ஒரு வெள்ளிப் பாத்திரம்.

டெல்லியில் ஜும்மா மசூதி நிழலில் வித்தைக்காரர்களின் குடிசைகளில் வாழ்கிறான். நெருக்கடி நிலைக் காலம். 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட் பகுதியில் நிஜமாகவே வீடுகளை இடித்தார்கள், சுட்டார்கள். நாவலிலும் புல்டோசர்கள் வருகின்றன. சலீமைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பார்வதி சாகிறாள். படிக்கம் இடிபாடுகளுக்குள் போய்விடுகிறது. ராணியிடமிருந்து புறப்பட்டு, 3 நாடுகளும் போர்களும் கடந்து வந்த பாத்திரம், சொந்த நாட்டின் தலைநகரில், சொந்த அரசாங்கத்தின் இயந்திரத்துக்குக் கீழே மண்ணாகிறது. இந்த இடத்தை நிதானமாகப் படிக்க என்னால் இன்றும் முடிவதில்லை.

விடுதலையான சலீம் கைக்குழந்தையோடு பம்பாய்க்கு வருகிறான். பார்வதியின் பிள்ளை, அவன் பெற்றதல்ல. பிறந்தபோது இவனுக்குப் பதிலாக மாற்றப்பட்டவனின் மகன் அது. ஆமினாவின் ரத்தம் சுற்றிவந்து அவன் தோளில் தூங்குகிறது. ஒரு கேளிக்கை விடுதியில் யாரோ அவன் முன் பச்சைச் சட்னி வைக்கிறார்கள். தொட்டு நாக்கில் வைக்கிறான். சிறுவயதில் ஆயாவாக இருந்து அவனை வளர்த்த அதே மேரியின் கைப்பக்குவம். பாட்டிலில் ஒட்டிய ஊறுகாய்க் கம்பெனியின் விலாசத்தைத் தேடிப் புறப்படும்போது அவன் வாயில் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது.