லைன்

பேத்திக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ எழுதிவர வேண்டுமாம். கோடு, வரிசை என்று இரண்டை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ரெண்டோட நிறுத்திட்டியே தாயி" என்றேன்.

நம்ம ஊரில் கரண்ட் போனால் "லைன் போயிருச்சு" என்போம். அதைச் சரி செய்ய வருபவர் லைன்மேன். கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர் "இன்னைக்குக் கம்பம் லைன், நாளைக்குப் போடி லைன்" என்பார். டிரங்க்கால் பதிந்துவிட்டு லைன் கிடைக்க அரைநாள் காத்துக் கிடந்தது நினைவிருக்கும். இளவட்டங்கள் 'போட்ட' லைனை மட்டும் பேத்தியிடம் சொல்லவில்லை.

1928-ல் மதுரை–போடி ரயில் வந்தது. ஒற்றைப் பாதை. அடுத்த ஸ்டேஷன் சம்மதம் தந்தால்தான் வண்டி கிளம்பும். அதுதான் 'லைன் கிளியர்'. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் தலையசைத்தாலும் நமக்கு லைன் கிளியர்தான். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் ரயில் நின்றது. தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் திரும்பி வந்தது. தண்டவாளம் இல்லாத அத்தனை வருஷமும் அந்தப் பேச்சு மட்டும் நம் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னொரு லைன் மலைமேல் இருக்கிறது. வெள்ளைக்காரர் பட்டாளத்துச் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசையை 'லைன்ஸ்' என்றார்கள். தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளுக்கும் அதே பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அது லயன் ஆனது. மூணாறு, பீர்மேடு பக்கம் லயம். குதிரை கட்டும் லாயம் நம்மிடம் முன்பே இருந்த சொல். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டது.

என் பெரியம்மா முப்பது வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவர். "வீடு எங்க பெரியம்மா?" என்றால் "லயத்துல இருக்கேன்" என்பாரே தவிர, அதை வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை. வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு டிரங்குப் பெட்டியோடு கம்பத்துக்கு இறங்கி வந்தார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு வரிசை லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அன்று அங்கே கரண்ட் லைனும் இல்லை, போன் லைனும் இல்லை. வெளியே தெரிய மறுநாள் காலை ஆயிற்று.

"லயம்னா வீடுதானே தாத்தா?" என்றாள் பேத்தி.

"குடியிருக்கலாம் தாயி. ஆனா நம்மளது இல்ல."

அதையும் ஒரு பொருளாக எழுதிக்கொண்டாள். டீச்சர் அடித்துவிட்டாலும் பரவாயில்லை.