ஒரு சிலிண்டரை நிறுத்திப் பார்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குந்தாரப்பள்ளி. வாரச்சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் பிக்கப்கள், மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா காய் கொண்டுபோகும் டெம்போக்கள், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு உதிரிபாகம் சுமக்கும் வண்டிகள் எல்லாம் ஓடும் வட்டாரம் இது. ஒரு பக்கம் பெங்களூரு, மறுபக்கம் சென்னை. இன்ஜினுக்கு உயிர்நாடியான பாகங்கள் பலவும் இந்த இரண்டு ஊர்களில் உருவாயின. 1951இல் தொடங்கிய மைக்கோ, பெங்களூரில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் நாசிலும் செய்தது. 1961இல் உருவான லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிப்யூட்டர் போன்ற மின்பாகங்களைச் செய்தது.

வண்டி மிஸ்ஸாகுது, ஐட்லிங்கில் உதறுது என்று ஓட்டுநர் வந்து நின்றால், பெட்ரோல் காலத்து மெக்கானிக் முதலில் எதையும் கழற்றமாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்ததும் சத்தம் இறங்கி உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எடுத்தும் மாற்றமே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். பிறகு பிளக்கின் முனையைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 20 பிக்கப்பின் பெட்ரோல் இன்ஜினிலும் இதே முறைதான்.

1986இல் டாடா 407, 1988இல் டாடாமொபைல் பிக்கப் என்று சிறு சரக்கு வண்டிகளில் டீசல் பரவியது. டீசலில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, அதன் ஒயரும் இல்லை. ஆனால் சோதனை மாறவில்லை. ஸ்பானரால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் பைப் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் டீசல் வெளியே கசியும், அந்தச் சிலிண்டர் நின்றுவிடும். சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தால் போதும்.

பழுதான சிலிண்டரின் நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுவது அதற்கடுத்த படி. மிஸ்ஸிங்கும் கூடவே போனால் நாசில்தான் குற்றவாளி. பம்ப்-நாசில் கடையில் டெஸ்டரில் பூட்டி அழுத்தும்போது பனிபோல் தெளிக்காமல் சொட்டுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மிஸ்ஸிங் பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் என்று கம்ப்ரஷனைத் தேடவேண்டும்.

எல்லாச் சிலிண்டரும் ஒன்றாகத் திணறினால் வழக்கு வேறு. பழைய பிக்கப்பில் பலநேரம் டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அங்கே உறிஞ்சும் விசை என்பதால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸைப் பூட்டினால் குமிழிகள் காட்டிக்கொடுத்துவிடும். இது தெரியாமல் பம்பைப் பிரித்தவர்கள் வண்டிக்காரரின் பணத்தைத்தான் கரைத்தார்கள்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைக்கும் காமன் ரெயில் வந்தபின் நட்டைத் தளர்த்தும் பழக்கம் ஆபத்தாகிவிட்டது. 1,000 பாருக்கு மேல் ஏறும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அதற்கு உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு விற்பனையான டீசல் பிக்கப்களில் ஸ்கேனர் இல்லாமல் வேலை நகராது. அந்த ஸ்கேனரில் இருக்கும் முக்கியமான சோதனை ஒன்று, இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, சுழற்சி எவ்வளவு இறங்குகிறது என்று காட்டுவது. எந்தச் சிலிண்டர் என்று திரை சொல்லும். அது நாசிலா, வால்வா, ரிங்கா என்று பிரித்தறிய, மெக்கானிக் இன்றும் கம்ப்ரஷன் கேஜைக் கையில் எடுக்கிறார்.