சீதனத்தில் ஓடிய வண்டி

முதுகலை மாணவிகள் பதினொரு பேரோடு ஒரு கருத்தரங்கத்துக்காகக் காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் ரயிலில் கோயம்புத்தூர் போயிருந்தேன். மறுநாள் காலையில் மூன்று மணி நேரம் மிச்சமிருந்தது. துணிக்கடைக்குப் போகலாம் என்றது ஒரு கட்சி. அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றது இன்னொரு கட்சி. வெயிலுக்கு நிழல் கிடைக்கும் என்பதால்தான் கார்க் கட்சி வென்றது என்று நினைக்கிறேன்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கி, 2015இல் திறக்கப்பட்ட இடம் அது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பழைய கார்களின் அழகைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்தபடிதான் உள்ளே போனேன். 1886ஆம் ஆண்டு பென்ஸ் வண்டியின் மாதிரி ஒன்று அங்கே நிற்கிறது. மூன்று சக்கரம், மேலே கூரை இல்லை, ஸ்டீயரிங்குக்குப் பதில் ஒரு கைப்பிடி. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி அதைச் சுற்றி வந்துவிட்டு, "மேடம், இதுல பொம்பளைங்க ஏறியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஏறியது மட்டுமல்ல, அந்த வண்டிக்குப் பணம் போட்டவளே ஒரு பெண்தான். பெர்த்தா ரிங்கர் என்பது அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர். 1871இல், கல்யாணத்துக்கு முன்பே, தனக்கு வரவேண்டிய சீதனத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்கினாள். கார்ல் பென்ஸின் பட்டறையில் கூட்டாளியாக இருந்தவரின் பங்கை அந்தப் பணத்தால்தான் வாங்கி விலக்க முடிந்தது. அடுத்த வருடம் கல்யாணம். 1886 ஜனவரி 29இல் மோட்டார் வண்டிக்கான காப்புரிமை கோரி மனுப் போட்டது கார்ல் பென்ஸின் பெயரில்.

வண்டி வந்தும் வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை, பெர்த்தா தன் மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை போக்க வைத்திருந்த திரவத்தை வாங்கி ஊற்றினாள். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாள். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையின் பட்டையைச் சுற்றினாள். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாள். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தாள். திரும்பி வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றும் சொன்னாள். ஒரு பொறியாளரின் சோதனை அறிக்கை என்றால் இதுதான். இன்றும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் தொப்பி ஊசியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சீதனத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

காரைக்காலில் வளர்ந்த எவளுக்கும் இந்தக் கதையின் முதல் பாதி தெரிந்ததுதான். மாங்கனித் திருவிழாவில் வருடந்தோறும் பார்க்கிறோமே. தனதத்தன் மகளுக்குத் தன் வீட்டை ஒட்டி ஒரு மனையும் கொள்ளைப் பொருளும் கொடுக்கிறான். அதை வைத்து வாணிகம் செய்பவன் பரமதத்தன். பிறகு அவன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். உறவினர் கூடிப் பேசிப் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். பெரியபுராணத்தில் அவர் ஏறும் ஒரே வாகனம் அந்தச் சிவிகைதான். எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ததும் மற்றவர்கள். அதன்பின் தசையை உதறிப் பேயுருக் கொண்டு கயிலைக்குப் போனவர், மலையை நெருங்கியதும் காலால் நடப்பதை விட்டுத் தலையாலேயே நடந்தார். வகுப்பில் இதைப் பக்தி என்று மட்டும் நடத்தி முடித்துவிட என்னால் முடிவதில்லை.

காரைக்காலுக்கும் பெர்த்தாவின் ஊருக்கும் ஒரு சட்டத்தொடர்பும் உண்டு. மன்ஹைம் இருந்த பாடன் பகுதியில் 1900 வரை நடந்தது நெப்போலியனின் சிவில் சட்டத்தைத் தழுவிய சட்டம். அதே சிவில் சட்டம் 1819இல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் வந்தது; இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் வழக்கப்படி நடக்கலாம் என்ற விலக்கோடு. 1881 ஆணைப்படித் தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் முழுமையாக அதற்குள் போனார்கள். அந்தச் சட்டத்தில் மனைவி என்பவள் கணவரின் அனுமதியோடு கையெழுத்துப் போட வேண்டியவள். பிரான்சில் கணவரின் சம்மதம் இல்லாமல் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க முடிந்தது 1965இல்தான். எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சுக் கொடி இறங்கிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பிரான்சில் ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் பெண் உசேஸ் சீமாட்டி, 1898இல். பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் போக வேண்டிய இடத்தில் பதினைந்தில் போய் அபராதமும் கட்டினார். அவர் கைம்பெண், ஷாம்பெயின் குடும்பத்துச் சொத்துக்காரி. மனைவிக்கு இல்லாத கையெழுத்து கைம்பெண்ணுக்கு இருந்தது. இந்தியாவில் முதலில் கார் ஓட்டிய பெண் என்று சொல்லப்படுபவரும் ஒரு பிரெஞ்சுக்காரிதான்: ஜே.ஆர்.டி. டாடாவின் தாய் சூசன், 1905இல். தமிழ்நாட்டில் அரசுப் பேருந்தை ஒரு பெண், வசந்தகுமாரி, ஓட்ட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் கார்களுக்குப் பெண் பெயர் வைக்க யாரும் காத்திருக்கவில்லை. மெர்சிடீஸ் என்பது எமில் யெல்லினெக் என்ற வியாபாரியின் மகள் பெயர். 1901இல் அந்தப் பெயரோடு கார் வந்தபோது அவளுக்குப் பதினோரு பன்னிரண்டு வயது. நம் ஃபியட்டைப் பத்மினி ஆக்கினோம். சிட்ரோயனின் டி.எஸ். என்ற இரண்டெழுத்தைப் பிரெஞ்சில் சேர்த்துச் சொன்னால் 'தேவதை' என்று காதில் விழும். பிரெஞ்சில் கார் பெண்பால். தமிழில் வண்டி அஃறிணை. இலக்கணத்தில் நாம் தப்பித்தோம், ஆர்.சி. புத்தகத்தில் இல்லை.

இந்த ஆர்.சி. புத்தகத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்லி வருகிறேன்.

எங்கள் தாத்தாவிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் இரண்டாம் கையாக வாங்கியது. புதுக் காருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். பழைய வண்டிக்கே நல்ல விலை இருந்தது. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று மூன்று மதத்துச் சாமிகளும் சேர்ந்து அந்த டாக்சியை ஓட்டினார்கள். 'கார்க்காரர் வீடு' என்றே எங்கள் வீட்டுக்குப் பெயர். தாத்தா சம்பாதித்து வாங்கியது என்றுதான் நான் நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன். அப்பாயியின் காசுமாலையும், அவர் அம்மா கொடுத்த அரை மா நிலமும் போய்த்தான் வண்டி வந்தது என்பதை, ஒரு சாவு வீட்டில் அத்தை வேறு எதற்கோ சண்டை போடும்போது சொல்லிக் கேட்டேன். வண்டி தாத்தா பெயரில் இருந்தது. விற்றபோது வந்த பணம் பெரியப்பாவின் கடைக்குப் போனது. காசுமாலை திரும்பவில்லை. யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கணக்கு இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பெண்ணெழுத்து பற்றி ஆய்வேடு எழுதியவள் நான்.

ஊர் திரும்பியதும் அப்பாயியிடம் போனேன். எண்பத்தெட்டு வயது, கண் மங்கல், காது கூர்மை. கைபேசியில் பென்ஸ் வண்டியைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"என்னடி இது, ரிக்ஷாவாட்டம்."

பெர்த்தாவின் கதையைச் சொன்னேன். சீதனத்தைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மருந்துக் கடையைச் சொன்னபோது சிரித்தார். பிள்ளைகள் மேட்டில் தள்ளியதைச் சொன்னதும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"நம்ம வண்டியும் மார்கழி பொறந்தா கெளம்பாது. வெடியக்காலம் வேளாங்கண்ணி சவாரி இருக்கும். நானும் ஒங்க அத்தையும்தான் தள்ளுவோம், பிள்ளையார் கோயில் வரைக்கும்."

"தாத்தா?"

"அவரு உள்ள உக்காந்து கியர் போடணும்ல?"

"கெளம்புனதும் ஏத்திக்குவாரா, அப்பாயி?"

"சவாரிக்கு நேரமாயிடும்டி," என்றார். "நாங்க நடந்து வந்து அடுப்ப பத்த வைப்போம்."