நிக்சனின் குண்டுகளுக்கு ஒரு கெடு

1973 ஜனவரி 27. பாரீஸில் வியட்நாம் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் முடிவதற்குள் அமெரிக்கத் துருப்புகள் மூட்டை கட்டிவிட்டன. ஆனால், பக்கத்து நாடான கம்போடியா மீது பி-52 விமானங்கள் குண்டு பொழிவது மட்டும் நிற்கவில்லை.

எந்தச் சட்டத்தின்படி? போருக்குக் கதவு திறந்துவிட்ட 1964-ம் ஆண்டு டோங்கின் வளைகுடா தீர்மானம், 1971 ஜனவரியிலேயே ரத்தாகியிருந்தது.

சட்டம் இயற்றி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரைக்கூட எடுக்க முடியாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். ராணுவத்துக்கான ஒதுக்கீடோ இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆக, கஜானா சாவி எப்போதும் நாடாளுமன்றமான காங்கிரஸ் கையில்தான். அதைப் பூட்டத்தான் துணிச்சல் வரவில்லை. களத்தில் நிற்கும் சிப்பாய்க்குத் தோட்டா தர மறுத்தவர் என்று பெயரெடுத்துவிட்டு எவர் ஓட்டு கேட்கப் போவார்? 1965 மே மாதம் வியட்நாமுக்காக அதிபர் ஜான்சன் 70 கோடி டாலர் கேட்டபோது, பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர்கள் வெறும் 7 பேர்.

துருப்புகள் ஊர் திரும்பியதும் அந்தப் பயம் விட்டது. மே 10 அன்று, வேறு கணக்குகளில் இருந்த பணத்தைக் கம்போடிய குண்டுவீச்சுக்குத் திருப்ப பென்டகன் கேட்ட அனுமதியை, பிரதிநிதிகள் சபை 219-188 என்று நிராகரித்தது. ஜூனில் இரு சபைகளும் ஒரு படி மேலே போய், குண்டுவீச்சுக்குப் பணமே கிடையாது என்ற நிபந்தனையைத் துணை ஒதுக்கீட்டு மசோதாவில் சேர்த்தன. ஜூன் 27-ல் அதிபர் நிக்சன் அதை வீட்டோ செய்தார். முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைத்தது 241-173. 35 ஓட்டு குறைவு.

இங்கேதான் நாள்காட்டி கைகொடுத்தது. அன்றைய அமெரிக்க நிதியாண்டு ஜூன் 30-ல் முடியும். அதற்குள் ஒதுக்கீடுகள் கையெழுத்தாகாவிட்டால் அரசாங்கத்தையே நடத்த முடியாது. அதே நிபந்தனையை மற்ற நிதி மசோதாக்களிலும் சொருகப் போவதாக செனட் மிரட்டியது. வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த நிக்சன் இறங்கிவந்தார். ஜூன் 29 அன்று, குடியரசுக் கட்சியின் சபைத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு, கலிபோர்னியாவிலிருந்த நிக்சனுடன் போனில் பேசிவிட்டு வந்து, குண்டுவீச்சை ஆகஸ்ட் 15-ல் நிறுத்தும் கெடுவுக்கு அவர் சம்மதித்ததைச் சபையில் அறிவித்தார்.

அந்த ஜூலையில் இன்னொரு குட்டு உடைந்தது. தென் வியட்நாமின் பியென் ஹோவா ரேடார் நிலையத்தில் பணியாற்றிய மேஜர் ஹால் நைட், செனட் கமிட்டி முன் சாட்சி சொன்னார். 1969-70-ல் இரவில் கம்போடியாவில் குண்டு விழும். விடிந்ததும் உண்மையான இலக்குத் தாள்களை அவர் எரித்துவிடுவார். வியட்நாமில் விழுந்ததாகப் பதிவேட்டில் ஏறும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் காங்கிரஸ் ஆண்டுதோறும் பணம் தந்திருந்தது!

கெடுவுக்குக் கொடுத்த அந்த ஆறு வாரம் தேவையற்ற தாராளம். ஆகஸ்ட் 6 அன்று கம்போடியாவின் நியாக் லுயோங் நகரில் ஒரு பி-52 தவறுதலாகக் குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆகஸ்ட் 15-ல் குண்டுவீச்சு நின்றது. நவம்பரில் நிக்சனின் இன்னொரு வீட்டோவை காங்கிரஸ் முறியடித்துக் கொண்டுவந்த போர் அதிகாரத் தீர்மானத்தின் கதை, அடுத்த வாரம்.